இழக்காததற்கு இழப்பு என்று பெயர்

'இதயச் செயலிழப்பு' என்ற கலைச்சொல்லை ஆக்கியவர்கள் ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டுமே பெயர்த்தார்கள், நோயைக் கவனிக்கவில்லை. தமிழில் இழப்பு என்பது முடிந்துபோன ஒன்று. உயிரிழப்பு, பொருளிழப்பு என்னும் வரிசையில் இச்சொல்லைக் கேட்கும் நோயாளி, தம் இதயம் நின்றுபோகிறது என்றே கொள்வார். இந்தி நாளிதழ்களின் 'ஹிருதய கதி ருக்னா' துடிப்பு நிற்பதையே பெயராக்கிவிட்டது. உண்மையில் இந்நோயில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது, அவ்வளவே. மாரடைப்பு வேறு, இது வேறு.

குழப்பம் இத்துடன் தீரவில்லை. இடது கீழறையில் நிரம்பிய குருதியில் ஒரு துடிப்புக்கு எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்பதை எக்கோ காட்டும். 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் சுருங்கும் ஆற்றல் குன்றிய வகை. 50 அல்லது அதற்கு மேல் என்றால் 'வெளியேற்றம் காக்கப்பட்ட' வகையாம்! காக்கப்பட்டது எண் மட்டுமே. விறைத்துப்போன தசை தளர்ந்து நிரம்ப மறுக்கிறது. நிரம்பியதே குறைவென்றால் அதில் 60 விழுக்காடு வெளியேறி என்ன பயன்? நுரையீரலில் நீர் கோக்கும், கால் வீங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இவ்வகையில் சிக்குவோரில் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள முதிய பெண்கள் மிகுதி. எக்கோவில் 'இயல்பு' என்று பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது, எடையைக் குறையுங்கள் என்று அவர்களை அனுப்பிவிடுவது எளிது.

பெயரில் உள்ள பிழை மருந்துவரை நீள்கிறது. குன்றிய வகைக்கு ஆயுளை நீட்டும் மருந்துகள் பல உண்டு. ஆயினும் 2013இல் 1205 நோயாளிகளைச் சேர்த்த திருவனந்தபுரம் பதிவேட்டில், அவ்வகையினருள் பரிந்துரைக்கப்பட்ட மூன்று மருந்துக் குழுக்களையும் பெற்று வீடு திரும்பியோர் 25 விழுக்காட்டினரே. அந்நோயாளிகளின் சராசரி வயது 61. விறைத்த வகைக்கோ நீர் பிரிக்கும் மாத்திரைகளைத் தாண்டி நெடுங்காலம் உறுதியான மருந்து இல்லை. எம்பாகிளிஃப்ளோசின் 2021இலும் டாபாகிளிஃப்ளோசின் 2022இலும் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டின. இரண்டும் நீரிழிவுக்கென வந்தவை. சர்க்கரையே இல்லாத ஒருவரிடம் 'இது சர்க்கரை மாத்திரை' என்று யாரேனும் சொன்னால், அவர் மறுநாளே நிறுத்திவிடுவார். அவருக்குத் தம் நோயின் பெயர்கூடச் சரியாகச் சொல்லப்படவில்லையே, வேறென்ன செய்வார்?

'இதயத் தசைக் குன்றல்', 'இதயத் தசை விறைப்பு' என இரண்டாகப் பிரிப்பதில் என்ன தடை? கலைச்சொல் வேரூன்றிவிட்டது, இனி மாற்றவியலாது என்பது சோம்பலின் வாதம். 'ஊனமுற்றோர்' அரசு ஆவணங்களில் 'மாற்றுத்திறனாளிகள்' ஆனது இதே தமிழில்தான்.