நூற்பெயரும் மேற்கோட்குறியும்

நூலின் பெயரை எழுதுங்கால் அதனை எவ்வாறு வேறுபடுத்திக் காட்டுவது என்பது சிறு வினாவாகத் தோன்றும். ஆயின், ஒரு சொல் நூலுக்குரிய பெயரா, பொதுச்சொல்லா என்னும் ஐயம் எத்துணைப் பெரும் பூசலாக வளரும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலாரின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்னும் பெயரோடு வெளிவந்தன. அருட்பா என்னும் சொல் தேவாரம், திருவாசகம் முதலியவற்றுக்கே உரியது என மறுத்தார் ஆறுமுக நாவலர். அப்பூசல் 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. பிற்காலத்தில் அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர்களுள் செய்குத்தம்பிப் பாவலரும் ஒருவர் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது.

ஆங்கிலத்தார் நூற்பெயரைச் சாய்வெழுத்திலும், நூலின் உட்பகுதியை மேற்கோட்குறிக்குள்ளும் இடுவர். சாய்வெழுத்தோ தொடக்கத்தில் பெயரைச் சுட்டப் பிறந்ததன்று. 1501இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூசியஸ் வர்ஜிலின் பாடல்களை முழுவதும் அவ்வெழுத்திலேயே அச்சிட்டார். தமிழ் எழுத்துக்குச் சாய்வு மரபன்று. கணிப்பொறி சாய்த்துத் தருவது கண்ணுக்கு உறுத்தலே. ஆகவே நமக்கு ஒற்றை மேற்கோட்குறியே போதும். இரட்டைக்குறி பிறர் கூற்றுக்கு இருக்கட்டும்.

குறியே வேண்டா என்பாரும் உளர். ‘சீறா கற்றோம்’ என்று ஒரு மாணவர் எழுதினால், அவர் கற்றது நபிகள் நாயகத்தின் வரலாறா, உமறுப் புலவரின் காப்பியமா? குறி இருந்தால் ஐயம் இல்லை.

வேற்றுமை உருபு சேருமிடத்தில்தான் தமிழுக்கே உரிய சிக்கல் எழுகிறது. ‘சீறாப்புராணத்தில்’ என உருபையும் உள்ளடக்கினால் பெயர் திரிகிறது. ‘சீறாப்புராண’த்தில் என வெட்டினால் பெயர் குறைபடுகிறது. ‘சீறாப்புராணம்’ என்னும் நூலில் என்றெழுதினால் இரு குறையும் நீங்கும். குறி செய்யும் பணியில் பாதியை ‘என்னும்’ என்ற நம் சொல்லே செய்துவிடுகிறது.

நூலையும் பகுதியையும் பிரித்தறிவதும் இன்றியமையாதது. தாயுமானவருக்கும் ஒரு ‘பராபரக்கண்ணி’ உண்டு. குணங்குடி மஸ்தான் சாகிபுக்கும் ஒரு ‘பராபரக்கண்ணி’ உண்டு. இரண்டும் அவரவர் பாடல் திரட்டின் பகுதிகள். பாடியவர் பெயரும், ‘பகுதி’ என்ற சொல்லும் இன்றிக் குறியை மட்டும் இட்டால், ஒருவர் பாடலை மற்றவர்க்கு ஏற்றுவதும், பகுதியைத் தனிநூலாக எண்ணிப் பட்டியலிடுவதும் நேரும். இசுலாமியத் தமிழிலக்கிய ஆய்வுக்கு இதனால் விளையும் கேடு சிறிதன்று.

திருக்குர்ஆன், விவிலியம், வேதம் ஆகிய மறைகளின் பெயர்களுக்குக் குறி வேண்டா. ஆங்கில மரபும் இதுவே. ‘எனப்படுவது’ என்னும் ஐயப்பொருளையும் மேற்கோட்குறி சிலவிடத்துத் தருமாதலின், மறைப்பெயரைக் குறியின்றி எழுதுவதே மரியாதை.

லால்பேட்டை போன்ற ஊர்களில் பழைய கிசுசாவும் மாலையும் முனாஜாத்தும் இன்னும் சில இல்லங்களில் இருக்கக்கூடும். அவற்றைத் தேடி எழுதப்போகும் மாணவச் செல்வங்கள் முதலில் பெயரைப் பிழையற எழுதுக. எம்முறையைக் கொண்டாலும் முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை அதனையே கொள்க. பின்வரும் ஆய்வாளர் அந்நூலைத் தேடிச் செல்லும் வழி அப்பெயரே.