பனிப் பூவும் ஏழு புள்ளிக் கோலமும்

மார்கழி பிறந்தால் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு என்னென்ன தெரியும்? விடியற்காலையில் எழுப்பினால் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துத் தலையோடு மூடிக் கொள்ளத் தெரியும். வெண்பொங்கல் வாசனை வந்தால் மட்டும் எழுந்து உட்காரத் தெரியும். அரையாண்டுப் பரீட்சை என்றால் சொல்லி வைத்தாற்போல் வயிற்று வலி வரவழைத்துக் கொள்ளத் தெரியும்.

குளிர் காலத்தைப் பற்றியே பாடம் படிக்கத் தெரியுமா என்று கேட்டால், குழந்தைகள் இருக்கட்டும், நாமே விழிப்போம். நானும் சென்ற ஜனவரி வரையில் அப்படி விழித்தவன்தான்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி, வெர்மாண்ட் என்று ஒரு சிறிய மாநிலம் இருக்கிறது. என் அக்காவும் அவள் கணவரும் உத்தியோக நிமித்தமாக அங்கே குடியேறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆறு வயசு மகளையும் கூட்டிக் கொண்டு ஆகஸ்டில் மதுரையை விட்டுப் போனார்கள். நான் ஜனவரியில் விடுமுறை போட்டுவிட்டு அவர்களைப் பார்க்கப் போனேன். "போயும் போயும் ஜனவரியிலா வருவாய்?" என்று அக்கா கேட்டதன் அர்த்தம் விமான நிலையத்துக் கதவு திறந்தவுடனேதான் புரிந்தது!

போன இரண்டாம் நாளே அக்கா ஒரு கவலையைச் சொன்னாள். குழந்தை வீட்டில் ஓயாமல் பேசுகிறாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லையாம். ஐந்து மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. டீச்சர் கேட்டால் தலையை ஆட்டுவாள்; இல்லாவிட்டால் தன் செருப்பைப் பார்ப்பாள். டீச்சர் நல்லவர், அவசரப்படுத்தவில்லை. ஆனாலும் பெற்றவளுக்குக் கவலை இராதா?

"அந்த வகுப்பில் பெற்றோரும் உறவினரும் போய் உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். நீ போய்விட்டு வா. மாமா வந்தால் அவளுக்கும் கொஞ்சம் தைரியமாக இருக்கும்" என்றாள்.

போனேன். ஒன்றாம் வகுப்பு. பதினெட்டுக் குழந்தைகள். முழங்கால் உயரத்துக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதில் என்னை மடித்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வேலை, ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த உஷ்ணமானியைப் பார்ப்பது. அன்றைக்கு முறை வந்த பையன் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக் கொண்டு "ஒன்பது!" என்று கத்தினான். பாரன்ஹீட்டில் 9 டிகிரி. தண்ணீர் உறைவது 32-ல். நம் சென்டிகிரேட் கணக்கில், பூஜ்யத்துக்கும் கீழே ஏறக்குறைய 13! அவன் சாவகாசமாகச் சுவரிலிருந்த படத்தில் அன்றைய கட்டத்துக்கு வர்ணம் தீட்டினான். நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று டீச்சர் கேட்டார். கழித்தல் கணக்கு அங்கேயே முடிந்தது. அது கணக்குப் பாடம் என்று ஒரு குழந்தைக்கும் தெரியாது.

அடுத்து, ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைய வெளியிலிருந்து பனியை அள்ளிக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்கள். "இது உருகினால் தண்ணீர் எதுவரை நிற்கும்?" என்று கேள்வி. ஒவ்வொருவரும் ஒரு கோடு போட்டுப் பெயர் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் தம்ளரின் விளிம்பை ஒட்டியே கோடு போட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் மனசுக்குள் அங்கேதான் போட்டேன். மத்தியானம் பார்த்தால் அடியிலே கொஞ்சம் தண்ணீர்! புதிதாகப் பெய்த பனி பெரும்பாலும் காற்றுதான். பத்து அங்குலம் பனி உருகினால் சுமார் ஓர் அங்குலம் தண்ணீர் தேறும் என்பது பொதுவான கணக்கு. வியாபாரிகள் யாராவது இந்தப் பனியைப் படியால் அளந்து விற்றால் நன்றாக லாபம் சம்பாதிக்கலாம்!

பிறகு கரடிப் பாடம். வடதுருவத்துக் கரடியும் சீலும் திமிங்கிலமும் அந்தக் குளிரில் எப்படி உயிர் வாழ்கின்றன? டீச்சர் விளக்கம் சொல்லவில்லை. பனிக்கட்டி போட்ட ஒரு வாளித் தண்ணீரும், இரண்டு பிளாஸ்டிக் பைகளும் கொண்டு வந்தார். ஒரு பைக்குள் இன்னொரு பை. இரண்டுக்கும் நடுவே நம்மூர் டால்டாவைப் போன்ற கொழுப்பு. வெறுங்கையை வாளியில் விட்டவர்கள் பத்து எண்ணுவதற்குள் அலறிக் கொண்டு எடுத்தார்கள். கொழுப்புப் பைக்குள் கையை விட்டு வாளியில் வைத்தவர்கள் ராஜா மாதிரி நின்றார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்புப் போர்வை உடம்புச் சூட்டை வெளியே விடுவதில்லை என்பது அந்தக் குழந்தைகளுக்கு இனி ஆயுசுக்கும் மறக்காது. என் கையும் நனைந்தது. எனக்கும் மறக்காது.

இத்தனைக்கும் நடுவில் என் மருமகள் எங்கே? மூன்றாவது வரிசையில். கோடு போடச் சொன்னால் போட்டாள். வாளியில் கையை விடச் சொன்னால் விட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை. "குளிர் காலம் வந்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று டீச்சர் எல்லோரையும் கேட்டார். ஒருவன் சறுக்குவண்டி என்றான். ஒருத்தி பனிப் பொம்மை என்றாள். இவள் முறை வந்தது. செருப்பைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த குளிர் காலத்தில் சறுக்குவண்டி கிடையாதே, என்ன சொல்வாள்?

மத்தியானம்தான் பனிப் பூ பாடம். அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அந்த ஊர்க் கதை.

வெர்மாண்டில் ஜெரிகோ என்ற ஊரில், 1865-ம் வருஷம், வில்சன் பென்ட்லி என்று ஒருவர் பிறந்தார். குடியானவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் அவருக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தாயார்தான். அந்தத் தாயார் கொடுத்த ஒரு பழைய பூதக் கண்ணாடிக் கருவியில் பையன் பனித் துகளை வைத்துப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தவனேதான்! வாழ்நாள் முழுவதும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நுண்ணோக்கியோடு ஒரு காமிராவைப் பொருத்தி, 1885 ஜனவரி 15-ந் தேதி ஒற்றைப் பனித் துகளைப் படம் பிடித்தார். அப்போது அவருக்கு இருபது வயசுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு மாட்டையும் கவனித்துக் கொண்டு, வயலையும் பார்த்துக் கொண்டு, 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றில் ஏறக்குறைய 2,400 படங்கள் 1931-ல் புத்தகமாக வந்தன. அதே வருஷம் டிசம்பரில், பனிப் புயலில் நடந்து வீடு வந்தவர் நிமோனியா கண்டு இறந்து போனார். அவரைப் பற்றிக் குழந்தைகளுக்காக 1998-ல் வந்த ஒரு படப் புத்தகம் மறு வருஷமே அமெரிக்காவின் பெரிய பரிசான கால்டிகாட் பதக்கத்தை வாங்கியது. டீச்சர் அந்தப் புத்தகத்தைத்தான் வாசித்துக் காட்டினார்.

பனிப் பூவின் வடிவத்தில் ஒரு சட்டம் உண்டு. எத்தனை வேலைப்பாடாக இருந்தாலும் அதற்கு ஆறு கைகள்தான். நாலும் இல்லை, எட்டும் இல்லை. தண்ணீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அறுகோணமாகக் கைகோத்துக் கொள்கின்றன. அந்த அடிப்படை அறுகோணம்தான் கடைசியில் நம் கண்ணுக்குப் பூவாகத் தெரிகிறது. கெப்ளர் என்ற வான நூல் மேதை 1611-லேயே "ஏன் எப்போதும் ஆறு?" என்று கேட்டு ஒரு சிறு நூல் எழுதினார். விடை சொல்லத்தான் இன்னும் முந்நூறு வருஷம் ஆயிற்று.

குழந்தைகளுக்கு வட்டமாக வெட்டிய காகிதம் கொடுத்தார்கள். முதலில் பாதியாக மடிக்க வேண்டும். பிறகு அதை மூன்றாக மடிக்க வேண்டும். ஓட்டலில் தோசையைக் கூம்பாகச் சுருட்டிக் கொண்டு வருவார்களே, ஏறக்குறைய அந்த உருவம் வரும். ஓரங்களில் கத்தரித்துப் பிரித்தால் ஆறு கைப் பனிப் பூ! பாதிக் குழந்தைகள் நாலாக மடித்துவிட்டு நாலு கைப் பூ செய்தார்கள். டீச்சர் திட்டவில்லை. "எண்ணிப் பார்" என்று மட்டும் சொன்னார். மறுபடி மடித்தார்கள்.

என் மருமகள் காகிதத்தைத் தொடவே இல்லை. மேஜைமேல் கிடந்த கறுப்பு அட்டையை இழுத்துக் கொண்டாள். வெள்ளைச் சாக்கட்டியை எடுத்தாள். புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

நடுவிலே ஏழு. அதன் மேலும் கீழும், இடைவெளி பார்த்து, ஆறு ஆறு. பிறகு ஐந்து ஐந்து. பிறகு நாலு நாலு. வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏழு புள்ளி, நாலு வரை, இடைப் புள்ளி! மதுரையில் அவள் பாட்டி மார்கழி மாதம் வாசலில் போடுகிற கோலம். போன வருஷம் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு புள்ளி எண்ணிய விரல் அது. மொத்தம் 37 புள்ளிகள். அவற்றைச் சுற்றிக் கோடு போட்டால் சுத்தமான அறுகோணம். உள்ளே கோடுகளை இணைத்தபோது ஆறு இதழ் விரிந்தது.

டீச்சர் அவள் பின்னால் வந்து நின்றார். விரலால் ஒவ்வொரு இதழாகத் தொட்டு எண்ணினார். ஆறு. பென்ட்லியின் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தார். பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்து, "இதை எங்களுக்கும் சொல்லித் தருவாயா?" என்று கேட்டார்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. எழுந்து போய் நானே மொழிபெயர்த்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, அந்தச் சின்ன நாற்காலி என்னைச் சுலபத்தில் விடவில்லை!

பக்கத்து இருக்கைப் பையன் சாக்கட்டியை எடுத்து நேராகக் கோடு போட ஆரம்பித்தான். இவளுக்குப் பொறுக்கவில்லை. பாட்டியின் பேத்தி அல்லவா?

"இல்லை! முதலில் புள்ளி!" என்றாள். ஆங்கிலத்தில். உரக்க.

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கி ஏழு புள்ளி வைத்துக் காட்டிக் கொண்டிருந்தாள். மணி அடிப்பதற்குள் பதினெட்டுக் கோலம். அவற்றில் பாதி கோணல்தான். எல்லாவற்றையும் காகிதப் பூக்களுக்கு நடுவே சுவரில் ஒட்டினார்கள். அன்று மாலை அக்கா மதுரைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புள்ளி சரியாக வைத்தாளா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

ஊர் திரும்பிய பிறகு யோசித்தேன். பனியே பெய்யாத நம் ஊரில் பனிப் பொம்மையைப் பற்றிய ஆங்கிலப் பாட்டைக் குழந்தைகள் தலையாட்டிப் பாடுகிறார்கள். பாடட்டும், தப்பில்லை. ஆனால் நம் வாசலிலேயே ஒரு குளிர் காலம் வந்து நிற்கிறதே, அதை யார் காட்டுவது? நம் அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கல்வி வந்தது. 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை "எண்ணும் எழுத்தும்" தொடங்கியது. பாட்டும் பொம்மையும் ஆட்டமுமாகச் சொல்லித் தர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமும். பள்ளிக்கூடம் தன் பங்கைச் செய்யட்டும். நாம் செய்யக் கூடியவை மூன்று சொல்கிறேன். காலணா செலவு கிடையாது.

ஒன்று: தேங்காயெண்ணெய்ப் பாட்டில். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். மார்கழிக் காலையில் அதையும் நல்லெண்ணெய்ப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழந்தையிடம் காட்டுங்கள். ஒன்று உறைந்திருக்கும்; மற்றது உறையாது. பிறகு உறைந்ததில் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக் கொள்ளச் சொல்லுங்கள். உருகிவிடும். சூடு எங்கிருந்து வந்தது என்று குழந்தையே கேட்கும்.

இரண்டு: இரவில் மொட்டை மாடியில் ஒரு எவர்சில்வர் தட்டைத் திறந்த வெளியில் வையுங்கள், இன்னொன்றைத் தாழ்வாரத்துக் கூரையடியில் வையுங்கள். காலையில் எது அதிகம் நனைந்திருக்கிறது? "பனி பெய்கிறது" என்று நாம் சொன்னாலும் அது மழையைப் போல் மேலிருந்து விழுவதில்லை. இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தட்டு சீக்கிரம் குளிர்ந்து விடுகிறது. காற்றிலே உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது.

மூன்று: ஒரு மீட்டர் குச்சியும் வெயிலும். டிசம்பர் 22-ந் தேதியை ஒட்டி, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், சென்னையில் அதன் நிழல் முக்கால் மீட்டர் இருக்கும். அதே நாளில் வெர்மாண்டில் ஏறக்குறைய இரண்டரை மீட்டர்! அங்கே பகல் 9 மணி நேரம்கூட இல்லை. நமக்குப் பதினொன்றே கால் மணிக்குக் குறைவில்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் மறுபடி அளந்தால், சென்னையில் நிழல் குச்சியின் காலடியிலேயே ஒளிந்து கொள்ளும். இரண்டு கோட்டையும் தரையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக் கொள்கிறேன். விடையை முந்திக் கொண்டு சொல்லிவிடாதீர்கள். நமக்கு அந்த வியாதி ஜாஸ்தி. "எண்ணிப் பார்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். வாய் திறக்காத குழந்தை உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். அதற்குத் தெரிந்த ஏதோ ஒன்றை நாம் இன்னும் கேட்காமல் இருக்கலாம்.

போன வாரம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. இப்போது டீச்சருக்குப் புதுக் கவலையாம். வகுப்பில் ஒருத்தி பேச்சை நிறுத்துவதே இல்லையாம்!