பிடி நழுவுதா பாஸ்?

கடல்ல தூண்டில் போடுற பார்ட்டியா நீங்க? பெரிய பாறை மீன் ஒண்ணு மாட்டி, ஈரக்கை வழுக்கி, நரம்பு தொய்ஞ்ச ஒரே நொடியில முள்ளைத் துப்பிட்டு எஸ்கேப் ஆன சோகம் எனக்கு உண்டு. வில்லன், ரீலோடு வந்த குட்டி 'டி' வடிவக் குமிழ். ரெண்டு விரலுக்குத்தான் அதுல இடம். உள்ளங்கைக்குள் அடங்குற உருண்டைக் குமிழ் போட்டா பிடி நிக்கும்.

கைப்பிடியை 50 மி.மீ-லேர்ந்து 60 ஆக்கினா, அதே அழுத்தத்துக்கு 20 சதவிகிதம் கூடுதல் முறுக்குவிசை. பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான்! ஆனா, வட்டம் பெரிசாகிடுறதால வேகமாச் சுத்த முடியாது. ஓவரா நீட்டினா, உள்ளே இருக்கிற பல்சக்கரம் பல்லைக் காட்டிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி மரை பொருந்துதானு பாருங்க. ரிவெட் அடிச்ச குமிழ்னா முழுக் கைப்பிடியையும் மாத்தணும். கழற்றும்போது கீழே துண்டு விரிச்சுக்குங்க. மணல்ல விழுந்த குட்டி வாஷரை நான் இன்னும் தேடிட்டிருக்கேன்!