9 ஆண்டு வாழ்வு, 95 ஆண்டுப் பூட்டு

ஜெர்மனியில் வங்கி ஒன்றில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் அண்மையில் ஓர் ஒளிப்படம் அனுப்பியிருந்தார். மேசையின்மீது, காலத்தால் மஞ்சள் படிந்த விசைப்பலகை ஒன்று. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிய 'அமிகா 500' அது. 1987-இல் விற்பனைக்கு வந்த கணினி. பழம்பொருள் சந்தையில் வாங்கி, பழுதான மின்தேக்கிகளை மாற்றி, அதற்கு மீண்டும் உயிர் கொடுத்திருக்கிறார். ஒளிப்படத்தின் கீழே ஒரே ஒரு கேள்வி: 'ஐயா, இதற்கு இன்னும் எதிர்காலம் உண்டா? பொருளியல் என்ன சொல்கிறது?'

விளையாட்டாகக் கேட்கப்பட்டதுதான் என்றாலும், அந்தக் கேள்வியை என்னால் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. ஒரு நல்ல பொருள் சந்தையில் தோற்பது ஏன் என்பது பழைய கேள்வி. தோற்ற பின்னும் அதை மதிப்பவர்கள் இருக்கும்போது, அது அவர்கள் கைக்குக்கூட முழுமையாகக் கிடைக்காமல் போவது ஏன் என்பதுதான் இங்கே எழும் புதிய கேள்வி.

1985 ஜூலையில் நியூயார்க் நகரின் லிங்கன் மையத்தில் கொமடோர் நிறுவனம் அமிகாவை அறிமுகப்படுத்தியது. புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையேறி, பாடகி டெபி ஹாரியின் உருவப்படத்தை அக்கணினியிலேயே வண்ணம் தீட்டிக் காட்டினார். அந்நாளில் ஆப்பிளின் மெக்கின்டோஷ் கறுப்பு வெள்ளையில்தான் காட்சியளித்தது. ஐ.பி.எம். வகைக் கணினியின் ஒலி, எளிய 'பீப்' சத்தத்தைத் தாண்டவில்லை. அமிகாவோ 4,096 வண்ணங்களைக் காட்டியது. நான்கு தடங்களில் இசைத்தது. ஒரே நேரத்தில் பல பணிகளைச் செய்தது. ஜே மைனர் தலைமையிலான குழு வடிவமைத்த தனிச் சில்லுகள், படத்தையும் ஒலியையும் தாமே கவனித்துக்கொண்டு மையச் செயலியின் சுமையைக் குறைத்ததே இதற்குக் காரணம். பின்னாளில் 'பேபிலோன் 5' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்ககால விண்வெளிக் காட்சிகள் இக்கணினிகளின் துணையுடன்தான் உருவாயின. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஒரு தலைமுறை இளைஞர்கள் நிரல் எழுதவும் இசையமைக்கவும் கற்றுக்கொண்டது இதில்தான்.

ஆனாலும் 1994 ஏப்ரல் 29 அன்று கொமடோர் தன் வணிகத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அறிமுகத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு வாழ்வு.

இந்தத் தோல்வியை விளக்குவது கடினமன்று. அமிகா வெளிவந்த அதே 1985-இல்தான் பொருளியல் வரலாற்றறிஞர் பால் டேவிட், 'குவெர்ட்டி' தட்டச்சு விசை அமைப்பைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். ஒரு தொழில்நுட்பத்தைப் பலர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அதைப் பயன்படுத்துவதே அடுத்தவருக்கும் ஆதாயம் ஆகிவிடுகிறது. ஐ.பி.எம். வகைக் கணினியைப் பல நிறுவனங்கள் போட்டியிட்டுத் தயாரித்தன, விலை சரிந்தது, மென்பொருள் பெருகியது. அமிகாவை ஒரே நிறுவனம்தான் தயாரித்தது. அந்த நிறுவனம் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் போதிய முதலீடு செய்யாதபோது, ஒரு காலத்தில் வலிமையாக இருந்த தனிச் சில்லுகளே தளைகளாயின. அச்சில்லுகளை நேரடியாக நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் பல, புதிய மாதிரிகளில் இயங்க மறுத்தன.

இதுவரை சந்தையின் கதை. இதன்பின் தொடங்குவது உரிமைகளின் கதை.

கொமடோரின் சொத்துகளை 1995-இல் ஜெர்மனியின் எஸ்காம் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே அதுவும் நொடித்தது. 1997-இல் அமெரிக்காவின் கேட்வே 2000 நிறுவனம் அமிகாவை வாங்கியது. 1999-இன் இறுதியில் அது பெயரையும் பிற உரிமைகளையும் வேறொரு சிறு நிறுவனத்துக்கு விற்றது. காப்புரிமைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அப்புதிய நிறுவனம், இயங்குதளத்தின் நான்காம் பதிப்பை உருவாக்கும் பொறுப்பைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹைப்பீரியனிடம் ஒப்படைத்தது. இருவருக்கும் இடையே 2007-இல் வழக்கு மூண்டது. 2009-இல் உடன்பாடு ஏற்பட்டது. அந்த உடன்பாட்டின் பொருள் என்ன என்பதைப் பற்றியே பின்னர் மீண்டும் வழக்குகள் எழுந்தன. பெயர் ஒருவரிடம், பழைய நிரல்கள் இன்னொருவரிடம், புதிய பதிப்பு மற்றொருவரிடம் என ஒரு கணினியின் உரிமை துண்டுதுண்டாயிற்று.

சட்ட அறிஞர் மைக்கேல் ஹெல்லர் 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இங்கே நினைவுக்கு வருகிறது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் மாஸ்கோ நகரின் கடைகள் காலியாகக் கிடந்தன. ஆனால் அவற்றின் முன்னே நடைபாதையில் பெட்டிக்கடைகள் நிரம்பி வழிந்தன. காரணம் என்ன? ஒரே கடையின்மீது பல அமைப்புகளுக்கு உரிமை இருந்தது. ஒருவர் மறுத்தாலும் கடையைத் திறக்க முடியாது. எல்லோருக்கும் சொந்தமான மேய்ச்சல் நிலம் மிகையான பயன்பாட்டால் அழிகிறது என்பது நாம் அறிந்த பாடம். தடுக்கும் உரிமை பலரிடம் சிதறிக் கிடந்தால், ஒரு சொத்து பயன்பாடே இன்றி அழியும் என்பது ஹெல்லர் தந்த மறுபாடம். அமிகா அத்தகையதொரு பூட்டிய கடை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சான்று போதும். கொமடோர் வீழ்வதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, 1994 மார்ச்சில், லினக்ஸ் கருநிரலின் முதல் முழுப் பதிப்பு வெளியானது. அதற்குப் பெரிய நிறுவனப் பின்புலம் இல்லை, விளம்பரம் இல்லை. எவரும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம் என்ற உரிமம் இருந்தது. இன்று உலகின் வழங்கிக் கணினிகளிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இயங்குவது அதுவே. அமிகாவைத் திறந்துவிட்டிருந்தால் அதுவும் இப்படி வளர்ந்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அதன் ஆர்வலர்களின் உழைப்பு சிதறாமல் ஓரிடத்தில் குவிந்திருக்கும். இப்போதோ அமிகா ஓ.எஸ்., மார்ஃப் ஓ.எஸ்., ஆரோஸ் எனச் சிறிய சமூகம் மூன்று பாதைகளில் பிரிந்து நிற்கிறது.

இழப்பு ஆர்வலர்களுக்கு மட்டுமா? வார்ஹோல் அமிகாவில் வரைந்த படங்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஃபிளாப்பி வட்டுகளிலேயே உறைந்து கிடந்தன. வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அவற்றில் உள்ளதைப் படிக்க வழியில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தினர் வட்டுகளைச் சேதமின்றி நகலெடுத்து, அறியப்படாத கோப்பு வடிவத்தைத் தாமே ஆராய்ந்து விடுவித்த பின்னரே, 2014-இல் அப்படங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. உலகப் புகழ்பெற்ற ஓவியரின் படைப்புக்கே இந்நிலை என்றால், பெயரறியாத ஆயிரக்கணக்கானோரின் ஆக்கங்களை யார் மீட்பார்கள்? என் முனைவர் பட்ட ஆய்வின் புள்ளிவிவரங்கள் அடங்கிய சில ஃபிளாப்பிகள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. அச்சிட்ட ஆய்வேடு மட்டுமே இன்று எனக்குப் பயன்படுகிறது.

பொது நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிராண்ட் ராபிட்ஸ் நகரின் 19 பொதுப் பள்ளிகளின் வெப்ப, குளிர் சாதனங்களை 1980-களில் வாங்கிய ஓர் அமிகா கணினியே இன்னும் இயக்குகிறது என்ற செய்தி 2015-இல் வெளியானது. நிரலை எழுதியவர் அன்று உயர்நிலைப் பள்ளி மாணவர். கோளாறு ஏற்பட்டால் அவரைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. மாற்று ஏற்பாட்டுக்கு 15 முதல் 20 இலட்சம் டாலர் தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டது. அந்தக் கணினியின் உறுதி பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு மாவட்டத்தின் பள்ளிகள் ஒரு தனிமனிதரின் நினைவாற்றலை நம்பியிருந்தது பாராட்டுக்குரியதன்று.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். உரிமையாளர்கள் எதுவுமே செய்யவில்லை என்பது உண்மையன்று. பழைய மென்பொருள்களைச் சட்டப்படி இயக்கும் தொகுப்பை குளோவான்டோ நிறுவனம் 1997 முதல் விற்றுவருகிறது. பழைய கணினிகளுக்கான இயங்குதளத்தின் 3.2 பதிப்பை 2021-இல் ஹைப்பீரியன் வெளியிட்டது. 2022-இல் அமிகா 500-இன் சிறிய வடிவம் ஒன்றும் கடைகளுக்கு வந்தது. வருவாய்க்கு வழியில்லாவிட்டால் இவற்றுக்கு யார் உழைப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இவ்வளவு சிறிய சந்தையில், உரிமைக்காக வழக்காடச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் மேம்பாட்டுக்குச் சென்றிருக்கக்கூடிய டாலர் அல்லவா?

மேலும், இன்று அமிகாவை உண்மையில் முன்னெடுத்துச் செல்பவை பெரும்பாலும் திறந்த முயற்சிகளே. டச்சுப் பொறியாளர் டென்னிஸ் வான் வீரன், அமிகாவின் சில்லுகளை மறுநிரலாக்கத்தக்க சில்லில் மீட்டுருவாக்கி, அந்த வடிவமைப்பை 2007-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். 'பைஸ்டார்ம்' என்னும் திட்டம், பழைய செயலி இருந்த இடத்தில் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியைப் பொருத்திப் பன்மடங்கு வேகம் கூட்டுகிறது. வன்பொருளை ஆர்வலர்கள் விடுவித்துவிட்டார்கள். அதில் இயங்கும் மூல இயங்குதளம் மட்டும் பூட்டிக் கிடக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்துக்காக எழுதப்பட்ட மென்பொருளின் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். 1985-இல் வெளியான நிரலின் பூட்டு 2080-ஆம் ஆண்டு முடியும்போதுதான் திறக்கும். அப்போது அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் எவரும் இருக்க மாட்டார்.

இதற்குத் தீர்வுகள் எட்டாக்கனியல்ல. எம்.எஸ். டாஸின் பழைய பதிப்புகளின் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் 2018-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது; அதனால் அந்நிறுவனம் இழந்தது ஏதுமில்லை. பிரிட்டனின் ஏகார்ன் கணினிகளுக்காகப் பிறந்த ரிஸ்க் ஓ.எஸ். அதே ஆண்டில் திறந்த மூலமாகி, இன்று ராஸ்பெர்ரி பையில் இயங்குகிறது. தாமாக முன்வராதோருக்குச் சட்டம் வழிகாட்ட வேண்டும். கணினி நிறுவனம் ஒன்று நொடித்துப்போனால், அதன் மூல நிரல் தேசிய நூலகம் போன்ற பொது அமைப்பில் வைப்பாகச் சேர வேண்டும். குறிப்பிட்ட காலம் விற்பனையும் பராமரிப்பும் இன்றிக் கைவிடப்பட்ட மென்பொருளை நூலகங்களும் ஆய்வாளர்களும் அச்சமின்றிப் பயன்படுத்த இடம் தர வேண்டும். தரவுகளை வேறு கணினிக்கு மாற்றும் வழி உறுதியாகாமல் அரசுகள் எந்தக் கணினி அமைப்பையும் வாங்கக் கூடாது.

மாணவருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. விற்பனைப் பொருளாக அமிகாவுக்கு எதிர்காலம் இல்லை. அந்தத் தீர்ப்பைச் சந்தை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டது. பொது அறிவாக அதற்கு எதிர்காலம் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பை எழுத வேண்டியது சந்தையன்று, சட்டம். நாம் இன்று பயன்படுத்தும் கணினிகளும் ஒரு நாள் பழம்பொருள் சந்தைக்குப் போகும். அவற்றில் நாம் எழுதியவையும் அவற்றோடு புதைய வேண்டுமா என்பதை இப்போதே முடிவுசெய்வது நல்லது.