கட்டிக்கும் ஒரு பாங்கி!

"வெட்டி எறிகிறதை வாங்கி வைக்கக்கூடவா ஒரு பாங்கி இருக்கு?" என்று கேட்டாள் என் பெரியம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டுக் கூடத்தில், என் கையில் பால்கோவாத் தட்டைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

விஷயம் இதுதான், சகோதரிகளே. பெரியம்மாவின் பெண், எனக்கு அக்கா முறை, ராஜபாளையத்தில் இருக்கிறாள். மார்பில் கட்டி. சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலு பக்கக் காகிதம் ஒன்று கொடுத்தார்களாம். அத்தனையும் இங்கிலீஷ்! எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்காகச் சேமித்து வைக்கச் சம்மதமா என்று கேட்கிற காகிதம்.

அத்தான் அதைப் படிக்கவில்லை. "எந்த இடத்தில் கையெழுத்துன்னு சொல்லு, போட்டுடறேன்" என்றாராம். தங்கமான மனிதர்தான். ஆனால் அந்த வீட்டில் பள்ளிக்கூடக் காகிதம் முதல் பத்திரம் வரையில் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்துத்தான். அக்கா ஒன்றும் பேசாமல் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "கட்டி என்னுது" என்றாள். அவ்வளவுதான்.

அதைப் படித்துச் சொல்லத்தான் நான் போயிருந்தேன்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியைச் சோதனைச்சாலையில் பார்த்து, என்ன வியாதி என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒரு துண்டை மெழுகில் பதித்து வைப்பதும் உண்டு. பாங்கியில் செய்வது இன்னும் ஒரு படி மேலே. எடுத்த சூட்டோடு துண்டைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், உறைய வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் ரத்தமும், வயது, வைத்தியம், பிறகு எப்படி இருந்தாள் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். பெயரை நீக்கி எண் போடுவார்கள். பத்து வருஷம் கழித்து யாருக்காவது புதிதாக ஒரு சந்தேகம் தோன்றினால், பதில் தேட அந்தத் துண்டு காத்திருக்கும். நம் பால்கோவா அதில் பத்தில் ஒரு பங்கு நாளாவது தாங்குமா!

இப்படி ஒரு பாங்கி சென்னையிலேயே இருக்கிறது. மத்திய சர்க்காரின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தும் தேசியப் புற்றுநோய்த் திசு பாங்கி. நம் நாட்டு மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் கட்டிகளை ஆராய்ந்து, மரபணுக்களில் கண்ட மாறுதல்களை 2025 பிப்ரவரியில் ஐ.ஐ.டி. வெளியிட்டது. மேனாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இந்நோய் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. அவர்களைப் பார்த்து எழுதிய புத்தகம் நமக்கு முழுக்கப் பொருந்துமா?

இதயத்தில் நடந்ததைக் கேளுங்கள். இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் மரபணுக் குறை ஒன்று, தெற்காசியரில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறதென்று 2009-ல் தெரியவந்தது. அதில் பங்குகொண்டவர்களில் நம் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும் உண்டு. வெள்ளைக்காரர்களின் ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

பிரிட்டனில் 2006 முதல் 2010 வரையில் 5 லட்சம் பேரிடம் ரத்தம் வாங்கிச் சேமித்துவிட்டார்கள். நம் சர்க்கார் 2025 ஜூலையில் டில்லியில் தேசிய உயிரிப் பாங்கியைத் திறந்தது. 10,000 பேரோடு ஆரம்பம். சந்தோஷம். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சர்க்கார் விஞ்ஞானக் கழகத்தின் ஊழியர்கள், பென்ஷன்காரர்கள், அவர்களுடைய கணவன் மனைவிமார். பஞ்சுத் தூசியில் எட்டு மணி நேரம் நிற்கிற ராஜபாளையம் மில் பெண்ணின் நுரையீரல் கதை அங்கே எங்கிருந்து வரும்? பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற கட்டுத்துணி ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்குப் போகிறது. நெய்கிறவளை யாரும் கேட்கவில்லை.

சர்க்கார் பணத்தைப் பற்றி என் குறை ஒன்று உண்டு. குளிர்ப்பெட்டி வாங்குவது ஒரு நாள் செலவு. அதற்குக் கரண்டு கட்டணம் வருஷக்கணக்கில் கட்டியாக வேண்டும். அதைவிட, அக்காவைப் போன்றவளிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். அந்தச் செலவு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷ விதிகளை அக்காவுக்குச் சொன்னேன். கொடுத்தவளுக்கே அந்தத் துண்டு சொந்தம்; பாங்கி வெறும் காவல்காரன். மறுக்கலாம், மறுத்தால் வைத்தியத்தில் குறை வைக்கக்கூடாது. கொடுத்த பிறகு மனம் மாறினாலும் விலகிக்கொள்ளலாம். காகிதம் அவளுக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டும். சுயபுத்தியோடு இருக்கிறவளுக்காகப் புருஷன் கையெழுத்துப் போடுவது செல்லாது.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தமிழ்க் காகிதம் கேட்டாள். இருந்ததாம்! கேட்கிறவர்கள் இல்லாததால் அலமாரியிலேயே கிடந்ததாம். மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. கட்டியைச் சேமிக்கலாமா என்ற கேள்விக்குச் "சம்மதம்" என்று எழுதினாள். மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு நெடுநேரம் யோசித்து, "இல்லை" என்று எழுதினாள். அடியில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

பிறகு பேனாவை அத்தானிடம் நீட்டி, "சாட்சின்னு போட்டிருக்கு பாருங்க, அங்கே நீங்க போடுங்க" என்றாள்.