இடித்தால் மட்டும் போதுமா?

கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியில் உள்ள நெடியதுருத்துத் தீவில், 54 பங்களாக்களுடன் உல்லாச விடுதி ஒன்று எழுந்தது. 1991-ம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உப்பங்கழிக் கரைகளுக்கும் பொருந்தின. விதி மீறப்பட்டதாக வழக்குத் தொடர்ந்தவர்களில், அந்த நீரில் வலை கட்டிப் பிழைக்கும் மீனவர்களும் உண்டு.

கட்டடங்களை இடிக்கும்படி 2013-ல் ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. இடிப்பு வேலை தொடங்கியதோ 2022 செப்டம்பரில்தான்!

தீர்ப்பு கிடைத்தும் ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு. அந்த நஷ்டத்தை மீனவர்களுக்கு யார் ஈடு செய்வது?

சுற்றுலா வளரட்டும், அதனால் வேலையும் பெருகட்டும். ஆனால் அஸ்திவாரத்திலேயே தடுக்க வேண்டியதைக் கூரை போட்ட பிறகு இடிப்பதால் யாருக்கும் லாபமில்லை. அனுமதி வழங்கும் மேஜையிலேயே சட்டம் விழித்திருக்க வேண்டும்.