மாட்டுக்குன்னு மாட்டுற பம்பர்

இந்த வாரம் மழை, மகசூல் எதுவும் எழுதப் போறதில்லை. வண்டிக்கு முன்னாடி மாட்டுற இரும்புக் கம்பியைப் பத்தித்தான். டவுன்ல புல் பார்னு சொல்றீங்க, சில பேர் கிராஷ் கார்டுங்கிறாங்க. எங்க ஊர்ல மொத்தத்துக்கும் பம்பர்தான் பேரு. கம்பெனி குடுக்கிற பிளாஸ்டிக் பம்பர் வேற. நான் சொல்றது அதுக்கும் முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கிற ரெண்டு இஞ்ச் பைப்பு.

எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனா ஊருக்குள்ள இப்ப பிக்கப் வாங்கினா முதல் செலவே அதுதான். தார்ப்பாய் வாங்கறதுக்கு முன்னாடி பம்பர். குட்டியானைக்குக்கூட மாட்டறாங்க. அது மூஞ்சியே ஒரு சாண் நீளம், அதுக்கு ஒரு முழத்துக்குக் கம்பி!

கேட்டா எல்லாரும் ஒரே பதில் வெச்சிருக்காங்க. "மாடு ஆடு குறுக்க வருதுங்க." பழி மாட்டு மேல. நானும் மாடு வெச்சிருக்கறவன்தான், அதனால முதல்ல அதையே பேசிருவோம்.

எங்க காங்கயம் பக்கம் மேய்ச்சல் எல்லாம் கொறங்காட்டுல. சுத்தியும் கிளுவை வேலி, வாசல்ல படல். மாடு அதுபாட்டுக்கு உள்ள மேயும், ரோட்டுக்கு வராது. அப்ப ரோட்டுல யாரு வர்றா? விடிகாலம் பால் கேனைக் கட்டிக்கிட்டு எக்ஸ்எல் வண்டியில சொசைட்டிக்குப் போறவங்க. கவர்மென்ட் சைக்கிள்ல பள்ளிக்கூடம் போற புள்ளைங்க. நூறு நாள் வேலைக்கு மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கிற பொம்பளைங்க. சாயங்காலம் ஆட்டைப் பட்டிக்கு ஓட்டிக்கிட்டு வர்ற பெருசுங்க. வண்டிக்கு முன்னால மாடு வர்றது வருசத்துல என்னிக்கோ ஒரு நாள். மனுசன் வர்றது தினமும். நீங்க மாட்டுக்குன்னு மாட்டுற கம்பி இவங்க மேலதான் படும்.

சரி, மாடே குறுக்க வந்துருச்சுன்னு வெச்சுக்குவோம். வளந்த மாடு முந்நூறு கிலோவுக்குக் குறையாது. அந்த வெயிட்டு பூரா மேல, கீழ நாலு காலுதான். கம்பி காலை அடிச்சா மாடு அப்படியே பானெட் மேல சாஞ்சு கண்ணாடிக்கு வரும். ரெண்டு இஞ்ச் பைப்பு அதைத் தடுத்து நிறுத்தாது.

இந்தச் சமாச்சாரம் ஆஸ்திரேலியாவுல பேர் வாங்கினது. அங்க மணிக்கணக்கா ஓட்டினாலும் ஆளே தட்டுப்படாத ரோடு இருக்கு. ராத்திரியில கங்காரு குதிச்சு வரும். ரேடியேட்டர் உடைஞ்சு நடு வனாந்தரத்துல நின்னா உசுருக்கே ஆபத்து. அவனுக்கு ஒரு ஞாயம் இருக்கு. அவனே 2002-ல இது இப்படித்தான் இருக்கணும், எதிர்ல இருக்கிற ஆளைக் கிழிக்கக் கூடாதுன்னு ஒரு தர அளவு போட்டுட்டான். ஐரோப்பாவுல 2005-ல சட்டமே கொண்டு வந்தாங்க, நடக்கிறவங்க மேல பட்டா என்ன ஆகும்னு சோதிச்சுப் பாத்துத்தான் விக்கணும்னு. நாம லேத்துக்காரர் வளைச்சுக் குடுக்கிற பைப்பை எந்தச் சோதனையும் இல்லாம மாட்டிக்கிறோம். அடுத்த பெட்ரோல் பங்க் ஆறு கிலோமீட்டர்ல இருக்கிற ஊர்ல!

வண்டி முன்பக்கம் ஏன் நசுங்குதுன்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்கன்னா, கம்பெனிக்காரன் தகரத்துல காசு மிச்சம் புடிச்சிட்டான்னு. நசுங்கறதுக்குத்தான் அப்படிச் செஞ்சிருக்கு. மோதுற வேகத்தைத் தகரம் கொஞ்சம் முழுங்கிக்கும். மீதிதான் உள்ள இருக்கிறவன் நெஞ்சுக்கு வரும். கம்பியை ரெண்டு பிராக்கெட்டு வெச்சு நேரா சேசிஸ்ல முடுக்கிட்டா, அடி வேற எங்கயும் போகாம சேசிஸுக்கே போகும். ஹெட்லைட்டு தப்பிக்கும், சேசிஸ் வளையும். ஹெட்லைட்டு கடையில கிடைக்கும்ங்க. வளைஞ்ச சேசிஸை எந்தக் கடையில வாங்குவீங்க?

இது உள்ள இருக்கிறவன் கதை. வெளிய இருக்கிறவனுக்கு? சைக்கிள்ல போற புள்ளை நெஞ்சு உசரம் என்ன, அந்தக் குறுக்குக் கம்பி உசரம் என்னன்னு ஒரு தடவை பக்கத்துல நின்னு அளந்து பாருங்க. பிளாஸ்டிக்கும் தகரமும் பட்டா கொஞ்சம் உள்ள அமுங்கும். இரும்புப் பைப்பு அமுங்காது.

போன மாசம் எங்க அக்கா மகன் பழைய வண்டியில கழட்டின பம்பர் ஒண்ணு வாங்கிட்டு வந்து, கட்டுத்தரையில வெச்சே மாட்டிட்டான். யூடியூப் பாத்தானாம். ஓட்டை சேரலைன்னு சேசிஸ்ல புதுசா நாலு ஓட்டை போட்டான். அதுவும் பத்தாம ஒரு பக்கம் பிராக்கெட்டை வெல்டிங் வெச்சு ஒட்டிட்டான், பேட்டரி ஒயரைக்கூடக் கழட்டாம. "கண்ணு, அது சூடு ஏறினா இரும்பு பலம் போயிரும், ஓட்டையில துருப் புடிக்கும்"னு சொன்னேன். "மாமா, நீங்க இன்னும் மாட்டு வண்டிக் காலத்துலயே இருக்கீங்க"ங்கிறான். மாட்டு வண்டியில நுகத்தடி கட்டறதுக்குக்கூட ஒரு கணக்கு இருந்துச்சு. இவன் மாட்டினது முப்பது கிலோவுக்கு மேல. அவ்வளவும் முன் ஆக்சில்ல. ஒரு ஹெட்லைட்டு வெளிச்சம் பாதி கம்பியிலயே விழுகுது.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டி அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2017 டிசம்பர்ல மத்திய போக்குவரத்து அமைச்சகம் இந்தப் பம்பரைக் குறிப்பா சொல்லி எல்லா மாநிலத்துக்கும் கடிதம் போட்டுச்சு. 2019-ல திருத்தின சட்டத்துல இந்த மாதிரி ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமேகூட. ஆனா நடக்கிறது வேற. தக்காளி ஏத்திக்கிட்டுப் போற பிக்கப்பை ஓரங்கட்டுவாங்க. கட்சிக் கொடி கட்டின கார்ல இதைவிட ரெண்டு மடங்கு தடிமனா பளபளன்னு ஒண்ணு இருக்கும், அதுக்கு சல்யூட்டு. இதைக் காட்டித்தான் எங்க பசங்க "அவங்க கழட்டட்டும், நாங்க கழட்டறோம்"ங்கிறாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அதுக்காகச் சைக்கிள் புள்ளை மேல கம்பி பட்டாப் பரவாயில்லைன்னு ஆயிருமா?

ஒரு ஞாயம் அவங்க பக்கம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். அஞ்சாறு வருசம் ஆன பிக்கப்புக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான் கட்டுவோம். முன்னாடி அடிபட்டா கிரில், லைட்டு, ரேடியேட்டர் எல்லாம் கைக்காசு. ஒரு மாச வாடகை ஓடிரும். வட்டிக்கு வாங்கின வண்டி நின்னா வீட்டுல அடுப்பு நிக்கும். பைப்பு மாட்டற நிறைய பேர் பயத்துலதான் மாட்டறான். கெத்துக்கு மாட்டறவன் வேற ரகம். பயத்துக்கு நான் சொல்ற மருந்து ஒண்ணுதான், ஊருக்குள்ள வேகத்தைக் குறைங்கிறது. அறுபதுல மோதற மோதல் நாப்பதுல மோதறதைப்போல ரெண்டே கால் மடங்கு. பம்பர் இருக்குங்கிற தைரியத்துலதான் அறுபதுல வர்றான்.

டவுன் சொந்தங்களே, உங்களையும் விட மாட்டேன். லீவு நாள்ல கோயிலுக்கும் மலைக்கும் எங்க ஊரு வழியாத்தான் போறீங்க. போன வருசம் அப்படி ஒரு பெரிய கார் எங்க பட்டியில இருந்து வந்த சினை ஆட்டை அடிச்சிட்டு நிக்காமப் போச்சு. வண்டிக்குக் கீறல்கூட விழுந்திருக்காது, அதான் நிக்கணும்னே தோணலை போல. கண்ணாடி உடைஞ்சிருந்தா இறங்கித்தானே ஆகணும்? உங்க கார்ல ஏர்பேக் வேற இருக்கு. எங்க வண்டியில அதெல்லாம் இல்லை. முன்னாடி அடி எப்படி வருதுங்கிறதை வெச்சுத்தான் அந்தப் பை விரியும்ங்கிறாங்க. நடுவுல ஒரு கம்பியைக் குறுக்க விட்டா, விரிய வேண்டிய நேரத்துல விரியாமப் போகலாம். கம்பெனிக்குச் சொல்லாம மாட்டின பொருளைக் காட்டி இன்சூரன்ஸ்காரன் இழுத்தடிக்கவும் வழி ஆச்சு. அத்தனை லட்சம் குடுத்து வாங்கினதை, சில ஆயிரம் குடுத்துக் கெடுத்துக்கணுமா?

கழட்டறது ஒண்ணும் பெரிய வேலை இல்லைங்க. போல்ட்டுத்தான். துருப்புடிச்சிருந்தா முந்தின நாள் ராத்திரி டீசல் ஊத்தி வெச்சா இளகிரும். ஓட்டையில பிரைமர் அடிங்க. பைப்பைப் பழைய இரும்புக்கடையில கிலோ கணக்குல எடுத்துக்குவாங்க.

அக்கா மகன் இன்னும் கழட்டலை. அடுத்த மாசம் வண்டி எஃப்.சி.க்குப் போகணும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கழட்டி வெச்சிட்டு, மறுநாள் மாட்டிக்குவானாம். வெல்டிங்கை அறுக்கக் கட்டிங் மெஷின் கேட்டு வந்தான். திரும்ப மாட்டறதா இருந்தா தர மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.